இது முழு ஆட்டோமேட்டிக் இல்லைங்க

இது நாயனம் இல்லைங்க சார். கண்டக்டரும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு, "எந்த ஊர்ல கச்சேரி, பெரியவரே?"ன்னு கேட்டுட்டுப் போறார். சிரிச்சு வெச்சேன். பஸ்ல சத்தமாச் சொல்ற விஷயமில்லை. நீங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கீங்க, அடிக்கடி திரும்பிப் பார்க்கறீங்க, வளைவுல எல்லாம் உங்க முழங்கால்ல வேற இடிக்குது. அதனால சொல்றேன். துப்பாக்கி. பயப்படாதீங்க. லைசென்ஸ் சட்டைப்பையில இருக்கு. தோட்டா தனியா இந்தப் பையில, தயிர்சாதத்துக்குக் கீழே. ரெண்டும் சேர்ந்தாத்தான் சார் துப்பாக்கி. தனித்தனியா இருந்தா இது ஒரு கம்பு, அது கொஞ்சம் பித்தளை.

கொஞ்சம் ஜன்னல் பக்கமா நகர்ந்துக்கறீங்களா? குழல் வாய் மேலே பார்த்து நிக்கணும். படுக்க வெச்சா வண்டி குலுங்கற குலுக்கல்ல மரக்கட்டையில கீறல் விழும்.

என் பேர் ஆறுச்சாமிங்க. கருஞ்சோலை எஸ்டேட்ல தேயிலைக் கொழுந்து நிறுக்கிற வேலை. முப்பத்தாறு வருஷம் தராசுகூட நின்னேன். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. நாலு பேர் இருக்கிற இடத்துல எனக்குப் பேச்சு வராது. எம் பொண்ணு கனகமணி சொல்லுவா, "அப்பாகிட்ட ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள காட்டுல இருந்து ஆனையே இறங்கி வந்து வாழையைத் தின்னுட்டுப் போயிரும்"னு. ஆனா இது விஷயம்னா மட்டும் எங்கிருந்தோ வந்துரும். தொந்தரவா இருந்தா சொல்லிருங்க, நிறுத்திக்கறேன்.

இல்லையா? சரி.

இதுக்குப் பேரு கார்பைன். அமெரிக்காக்காரன் பட்டாளத்துக்குச் செஞ்சது. பழைய யுத்தத்துல பர்மாப் பக்கம் சண்டை நடந்தப்ப இந்தியாவுக்குள்ள வந்த சாமான். இதுல ரெண்டு வகை இருக்கு சார். ஒண்ணு, விசையை அமுக்கிப் பிடிச்சா சடசடன்னு கொட்டிக்கிட்டே இருக்கும். அது முழு ஆட்டோமேட்டிக். இது அது இல்லை. இது செமி. செமின்னா அரை. ஒரு தடவை இழுத்தா ஒரு குண்டு. அடுத்த குண்டு தானா வந்து உட்கார்ந்துக்கும். ஆனா நீங்க மறுபடி இழுக்கிற வரைக்கும் அது பாட்டுக்கு உட்கார்ந்தே இருக்கும். மனுஷன் சொல்லாம அது ஒண்ணும் செய்யாது. ரொம்பப் பணிவான சாமான்.

இந்த 'செமி'ங்கிற ஒரு வார்த்தையை ஜனங்க காதுல போட்டுக்கவே மாட்டேங்கறாங்க. எம் பொண்ணுக்கு இத்தனை நாள் ஒரு வரனும் அமையாமப் போனதுக்குக் காரணமே இந்த ஒரு வார்த்தைதான்னு எனக்கு இப்பத்தான் பிடிபட்டிருக்கு. ஆட்டோமேட்டிக்னு கேட்டதும் பயந்துடறாங்க. முன்னாடி இருக்கிற 'செமி' அவங்க காதுல விழறதில்லை.

சொல்றேன். முதல்ல இந்த முடிச்சைப் பாருங்க. இன்னிக்குக் காலைல கனகுதான் இதைக் கட்டினா. இத்தனை வருஷத்துல அவ இதைத் தொட்டது இன்னிக்குத்தான். "குடுங்கப்பா, நான் கட்டறேன்"னு வாங்கிக்கிட்டா. புதுத் துண்டு, அவ வாங்கி வெச்சிருந்தது. அதுல சுத்தி, சணலைப் போட்டு, அஞ்சு இடத்துல முடிச்சு. நான் எப்பவும் ஒண்ணுதான் போடுவேன், அதுவும் இழுத்தா அவிழற மாதிரி. இவ போட்டிருக்கறது பாருங்க, நகமே இறங்கலை. பழக்கமில்லாத கை. ஆனா சிரிச்ச முகமாக் கட்டினா சார். பாட்டு வேற முணுமுணுத்தா. எனக்கு மனசு நிறைஞ்சுபோச்சு. கடைசில இதுமேல அவளுக்கும் ஒரு பிரியம் வந்துருச்சேன்னு.

இது எனக்கு வந்தது குரியன் தொரை மூலமா. எங்க மானேஜர். அப்ப கொழுந்துக் கொட்டாய்ப் பக்கம் ஆனை வரத்து ஜாஸ்தி. எஸ்டேட்டை விட்டுப் போறப்ப அவர் என்னைக் கூப்பிட்டார். கிளார்க்குங்க இருந்தாங்க, மலையில வேலை வாங்கற எஸ்டேட் கண்டக்டருங்க இருந்தாங்க, கோட்டு சூட்டுப் போட்டவங்க இருந்தாங்க. அவங்களையெல்லாம் விட்டுட்டு என்னைக் கூப்பிட்டார். "ஆறுச்சாமி, உன் தராசு ஒரு கிராம் தப்பினதில்லை. இதை நீதான் வெச்சிருக்கணும்"னார். எழுதிக் குடுத்து, கலெக்டர் ஆபீசு வரைக்கும் ஆள் அனுப்பி, லைசென்ஸை என் பேருக்கு மாத்திக் குடுத்தார். கூடவே பதிமூணு தோட்டா. ரெண்டு சுட்டேன். ரெண்டும் வானத்தைப் பார்த்துத்தான், ஆனையை விரட்ட. பாக்கி பதினொண்ணு. இந்த அளவுத் தோட்டா இப்ப எங்கேயும் கிடைக்கறதில்லைங்க. அந்தப் பதினொண்ணும் அப்படியே பளபளன்னு இருக்கு. வாரத்துக்கு ஒரு தரம் துடைச்சு வெப்பேன்.

சுடாத துப்பாக்கியை எதுக்குத் துடைக்கணும்னு கேட்பாங்க. நீங்களும் கேட்கறீங்க. சரிதான். எங்க மலைல மழைக்காலம்னா சுவரே வியர்க்கும். உப்பு டப்பாவுல தண்ணி நிக்கும். இரும்பை எட்டு நாள் விட்டா சிவப்பு ஏறிரும். ஞாயித்துக்கிழமை காலைல பேப்பரை விரிச்சு, எல்லாத்தையும் பிரிச்சு வரிசையா வெச்சு, குழலுக்குள்ள துணி விட்டு இழுத்து, ஸ்பிரிங்குக்கு ஒரு துளி, போல்ட்டுக்கு ஒரு துளி. அடியில புகை வந்து தள்ளற ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கு, அதுக்கு எண்ணெயே கூடாது, நிறையப் பேருக்கு அது தெரியாது. கட்டைக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கையால சூடு பிறக்கிற வரைக்கும் தேய்க்கணும். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்துரும். என் வீட்டுக்காரி சரசுக்கு அந்த வாசனை ஆகாது. ஞாயித்துக்கிழமைன்னா அடுப்பைப் பின்பக்கம் தூக்கிட்டுப் போயிருவா. "நீங்களும் உங்க ரெண்டாந்தாரமும் முன்னாடி இருங்க, நானும் என் பொண்ணும் பின்னாடி இருந்துக்கறோம்"பா. தமாஷாத்தான் சொல்லுவா. கனகு பத்தாவது படிக்கிறப்ப அவ போயிட்டா. கடைசி வரைக்கும் தமாஷ்தான்.

ஸ்டேஷன்ல எனக்கு ஒரு மரியாதை உண்டுங்க. தேர்தல் வந்தா லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்க எல்லாரும் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், முடிஞ்சப்புறம் வாங்கிக்கணும். நான் போனா இன்ஸ்பெக்டர், "வாங்க மேஜர்! எல்லை எப்படி இருக்கு?"ம்பார். நாற்காலி போடச் சொல்லுவார். எஸ்டேட் ஆபீசுல முப்பத்தாறு வருஷத்துல என்னை ஒருத்தரும் உட்காருன்னு சொன்னதில்லை சார். இது கையில இருந்தா உட்காருன்னு சொல்றாங்க. போலீஸ்காரங்க எல்லாம் சுத்தி நின்னு, "மேஜர், ஒரு தடவை பிரிச்சுக் காட்டுங்க"ம்பாங்க. காட்டுவேன். சிரிச்சுக்கிட்டே பார்ப்பாங்க. ரொம்ப ஆர்வமுள்ள பசங்க.

முதல் முடிச்சு அவிழ்ந்துருச்சு. ஏன் அவிழ்க்கிறேன்னா... இங்க தொட்டுப் பாருங்க, இந்த மூலையை. சில்லுன்னு இல்லை? துவைச்சு வெச்சிருக்கா. புதுசா இருந்தாலும் கஞ்சி போகட்டும்னு நேத்து அலசி நிழல்ல போட்டிருப்பா. முழுசாக் காயலை. இப்படியே பொள்ளாச்சி வரைக்கும் போனா கதை முடிஞ்சுது. பிரிச்சுக் கொஞ்சம் காத்தாட விடணும்.

முதல்ல வந்த மாப்பிள்ளை ஆனைமலையில வாத்தியார். நல்ல மனுஷங்க. அம்மா, அக்கா, அத்தைன்னு ஒரு வேன் நிறைய. எல்லாரும் உட்கார்ந்தாச்சு, யாரும் பேசலை. எனக்கா பேச்சு வராது. மாப்பிள்ளையோட அம்மா கேட்டாங்க, "உங்க வீட்டுல துப்பாக்கி இருக்காமே?"ன்னு. எனக்கு வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு. பேச ஒரு விஷயம் கிடைச்சுதே! உடனே எடுத்துட்டு வந்து, கேசரித் தட்டை ஓரமா நகர்த்திட்டு, பேப்பரை விரிச்சேன். செமின்னா என்ன, முழுசுன்னா என்னன்னு நிதானமா விளக்கிக்கிட்டே பிரிச்சேன். அந்தம்மா ஏதோ ஞாபகத்துல ஸ்பிரிங் மேல கைய வெச்சுட்டாங்க. அது துள்ளிக் குதிச்சு நேரா கேசரிக்குள்ள போய் நின்னுச்சு. நான் மெதுவா எடுத்து, நெய்யைத் துடைச்சு, வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்து, "ஒண்ணும் வளையலை, கவலைப்படாதீங்க"ன்னு சொன்னேன். அவங்க மனசு சங்கடப்படக் கூடாதில்லையா. பொருத்தம் சரியா இல்லைன்னு அப்புறம் சொல்லி அனுப்பினாங்க. ஜாதகம்தான். அதுக்கு யார் என்ன பண்ண முடியும்?

ரெண்டாவது வந்தவங்க கோயமுத்தூர்ப் பக்கம். அவங்க ஏற்கெனவே கேள்விப்பட்டு வந்திருந்தாங்க. மாப்பிள்ளையோட தாய்மாமன், மீசைக்காரர், "இதுல எத்தனை குண்டு போடலாமுங்க?"ன்னார். "பதினஞ்சு பிடிக்கும், ஆனா என்கிட்ட இருக்கறது பதினொண்ணுதான்"னேன். பயப்பட வேண்டாம்னுதான் சொன்னேன். அவர் திரும்பித் தன் ஆளுகளை ஒரு சுத்து எண்ணிட்டு, "நாங்க வந்திருக்கறது ஒம்போது பேரு. அப்ப ரெண்டு மிஞ்சுமுங்களே"ன்னார். கணக்குச் சரிதான். நானும் "ஆமாங்க, ரெண்டு மிஞ்சும்"னேன். அவங்க காபிகூடக் குடிக்கலை. சர்க்கரை வியாதிக் குடும்பம் போல. அந்த இடம் அமையாமப் போனது நல்லதாப்போச்சு.

மூணாவதுதான் சார் எனக்கு ஆறவே ஆறாதது. அது தேர்தல் சமயம். துப்பாக்கி ஸ்டேஷன்ல இருந்துச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாங்க, உட்கார்ந்தாங்க. நான் பேச ஒண்ணும் இல்லாம ஒரு மூலைல இருந்தேன். கனகு காபி கொண்டாந்தா. அவங்க அவளோட பேசினாங்க, அவ பேசினா. அவ அவ்வளவு பேசுவான்னு எனக்கே தெரியாது. எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்துல வேலைல இருக்கா இல்லையா, அங்க நடக்கிறதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வெச்சா. எல்லாம் பிடிச்சுப்போய், அடுத்த வெள்ளிக்கிழமை தட்டு மாத்திக்கலாம்னு முடிவாச்சு.

புதன்கிழமை ஸ்டேஷன்ல இருந்து துப்பாக்கி வந்துச்சு. சார், அதை நான் எப்படிச் சொல்றது. ஒழுகற ரூம்ல, ஈரச் சாக்குக்கு அடியில போட்டு வெச்சிருக்காங்க. குழலுக்குள்ள பார்த்தா, குளிரும் வெயிலும் பட்ட குழந்தை முகம் மாதிரி திட்டுத் திட்டா சிவப்பு. எண்ணெயில ஊறப் போடணும், காலைலயும் சாயந்திரமும் துணி மாத்தணும். அதை அப்படியே போட்டுட்டு எப்படிங்க தட்டு மாத்தப் போறது? ஒரு வாரம் தள்ளி வெச்சுக்கலாமான்னு அவங்ககிட்டக் கேட்டேன். காரணத்தையும் மறைக்காமச் சொன்னேன். நான் பொய் சொல்றவன் இல்லை. அவங்க அந்த வாரத்துலயே வேற இடத்துல முடிச்சுக்கிட்டாங்க. இப்ப சொல்லுங்க, இது யார் தப்பு? ஸ்டேஷன் தப்பு. ஒரு மரப்பெட்டி, கொஞ்சம் எண்ணெய். அது இருந்திருந்தா எம் பொண்ணு வாழ்ந்திருப்பா. நான் மனு எழுதிப் போட்டேன். பதில் இல்லை.

கனகு நான் துணி மாத்திக்கிட்டிருந்தப்ப வந்து பக்கத்துல நின்னா. "வந்துருச்சாப்பா?"ன்னா. சிவப்பு உரிஞ்சு வந்துருச்சாங்கற அர்த்தத்துலதான் கேட்டா. "முக்கால்வாசி போயிருச்சு"ன்னேன். "போனது போச்சு"ன்னுட்டு உள்ள போயிட்டா. அவளுக்குப் பொறுமை ஜாஸ்தி. அம்மா மாதிரி.

ரெண்டாவது முடிச்சும் மூணாவதும் ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டிருக்கா. இருங்க.

இப்ப வந்திருக்கறவர் பேரு சபாபதி. உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். வீட்டுக்காரி காய்ச்சல்ல போயி நாலு வருஷம் ஆச்சு. ஆறு வயசுல ஒரு பொண்ணு. புள்ளையையும் கூட்டிட்டு வந்திருந்தார். அது வந்த கொஞ்ச நேரத்துல கனகு மடியில ஏறிப் படுத்துத் தூங்கிருச்சு. அப்புறம் சாப்பாடு, பேச்சு எல்லாம் நடந்துச்சு, கனகு அசையலை. கால் மரத்துப் போயிருக்கும். நான் பேப்பர் எடுத்துட்டு வாம்மான்னு ரெண்டு தரம் கூப்பிட்டேன், காதுலயே விழலை. சரின்னு நானே எழுந்தேன்.

சபாபதி என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "மாமா, உட்காருங்க. என்ன எடுக்கப் போறீங்கன்னு தெரியும். நான் பயந்தாங்கொள்ளிதானுங்க. ஒத்துக்கறேன். பஸ் டயர் வெடிச்சாலே எனக்கு உசிரு போயிரும்"னார்.

"பயம் எதனால வருது மாப்பிள்ளை? தெரியாததாலதானே? பிரிச்சுப் பார்த்தா ஒண்ணுமே இல்லை. ஒரு ஸ்பிரிங், ஒரு போல்ட்டு"ன்னேன்.

"பிரிக்க வேண்டாமுங்க மாமா."

"இது முழு ஆட்டோமேட்டிக் இல்லைங்க. செமி."

"இருக்கட்டுமுங்க. அரை ஆட்டோமேட்டிக்குக்கு அரை பயமாவது பட்டுக்கறேன்"னார். எல்லாரும் சிரிச்சாங்க. கனகும் சிரிச்சா, புள்ளை முழிச்சிரக் கூடாதுன்னு வாயைப் பொத்திக்கிட்டு.

அப்புறம் அவர் நேராவே சொன்னார். கனகு என்னைத் தனியா விட்டுட்டு வர மாட்டேன்னு சொல்லிட்டாளாம். "அதனால மாமா, நீங்களும் நம்ம வீட்டுக்கே வந்துருங்க. மாடியில ஒரு ரூம் இருக்கு, ஜன்னலைத் திறந்தா திருமூர்த்தி மலை தெரியும். உங்களை நான் கண்ணு மாதிரி பார்த்துக்கறேன். அது மட்டும் வேண்டாம். புள்ளை இருக்கிற வீடு. ஒப்படைச்சுட்டு வாங்க. ஒப்படைச்ச மறுநாள் நான் வந்து தட்டு மாத்திக்கறேன்"னார்.

மரியாதையான மனுஷன். கோபமாச் சொல்லலை. தெரியாமத்தான் சொல்றார்.

அவங்க போனப்புறம் கனகு என் எதிர்ல வந்து உட்கார்ந்தா. எப்பவும் அப்படி உட்கார மாட்டா. "அப்பா, அது நம்ம வீட்டுக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு என்ன வயசுன்னு தெரியுமா?"ன்னா. சார், நான் ஒரு நொடி யோசிக்கலை. "கார்பைன் வந்ததுக்கு அடுத்த வருஷம் நீ பிறந்தே, அதுக்கு நாப்பது, அப்ப உனக்கு முப்பத்தொம்பது"ன்னு பளிச்சுன்னு சொல்லிட்டேன். எந்த அப்பனுக்குங்க இந்த ஞாபகம் இருக்கும்? அவ அப்புறம், "எனக்காக இதை ஒண்ணு செய்ங்கப்பா. இதுக்கு மேல நான் எதுவும் கேட்க மாட்டேன். கேட்கவும் ஒண்ணும் இருக்காது"ன்னா.

நான் சரின்னு சொன்னேன். ஸ்டேஷன்ல குடுக்க மாட்டேன், அங்க குடுத்தா ஒரே மழைக்காலத்துல செத்துரும். பொள்ளாச்சியில லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை ஒண்ணு இருக்கு, வாங்கி முறையா வெச்சுக்குவாங்க, அங்க குடுத்துடறேன்னேன். "எங்க வேணா குடுங்க, குடுத்தாப் போதும்"னா. எழுந்து போய் முகத்தைக் கழுவிட்டு வந்தா. அன்னைக்கு ராத்திரி பாயசம் வெச்சா. இன்னிக்குக் காலைல நாலு மணிக்கு எழுந்து எனக்குத் தயிர்சாதம் கட்டி, இதைத் துண்டுல சுத்தி, அஞ்சு முடிச்சுப் போட்டு... அதான் சொன்னேனே.

ஒரு நிமிஷம் சார். போன் அடிக்குது. வளைவுல டவர் கிடைக்காது, இந்த இடத்துல கொஞ்சம் வரும், அதுக்குள்ள பேசிடறேன்.

ஆமாம்மா கனகு. இறங்கிக்கிட்டிருக்கோம். இல்லை, வாந்தி இல்லை. எலுமிச்சம்பழம் இருக்கு. கடை பத்தரைக்குத்தான் திறப்பாங்களாம். ஆமா, குடுத்துட்டுப் போன் பண்றேன். என்னது? சபாபதி லீவு போட்டிருக்காரா, நாளைக்கா? தட்டுக்கா... சரி சரி. ரோஜாப்பூவா மல்லிகையா? உன் இஷ்டம்மா. ஹலோ? ஹலோ.

போயிருச்சு. வளைவு.

பாருங்க, நான் பொய் சொன்னேன்னு நினைக்காதீங்க. குடுக்கத்தான் போறேன். இன்னிக்கே குடுக்கணும்னு ஒண்ணும் இல்லையே. நேத்து ராத்திரி கடைசியா ஒரு தடவை துடைச்சுக்கிட்டிருந்தப்பத்தான் எனக்குப் பளிச்சுன்னு பட்டுச்சு. முதல் ரெண்டு பேருக்கும் நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கேன் சார். கூட்டத்துல காட்டினேன். அவசரத்துல காட்டினேன். ஒருத்தரையும் தனியா உட்கார வெச்சு, அவங்க கையாலேயே பிரிக்கச் சொல்லிக் காட்டலை. தன் கையாலே பிரிச்சவனுக்குப் பயம் இருக்காது. என் கையைப் பாருங்க. நாப்பது வருஷம். பயம் இருக்கா?

அதனால நேரா உடுமலைக்குப் போறேன். இன்னிக்கு அவர் டூட்டியில இருப்பார். பஸ் ஸ்டாண்டுக்குள்ள டைம் கீப்பர் ரூம் இருக்கும், மேஜை இருக்கும். பேப்பர் கையில கொண்டாந்திருக்கேன். பத்து நிமிஷம் போதும். அவர் கையாலேயே ஸ்பிரிங்கை எடுக்கச் சொல்லுவேன், போல்ட்டை எடுக்கச் சொல்லுவேன். அப்புறம் அவரே, "அட, இவ்வளவுதானா மாமா"ம்பார். மாடி ரூம்ல ஒரு மர அலமாரி, ஒரு பூட்டு. புள்ளைக்கு எட்டாத உயரம். கனகுக்கும் கல்யாணம், இதுக்கும் ஒரு இடம். ரெண்டும் நடக்கும். எதையாவது ஒண்ணை விடணும்னு எவன் சொன்னான்?

என்ன சார்? பஸ் ஸ்டாண்டுலயான்னு கேட்கறீங்க. ஆமா. கூட்டம் இருந்தா என்ன? லைசென்ஸ் இருக்கே. யாராவது பயந்தா அவங்களுக்கும் சேர்த்துச் சொல்லிட்டாப் போச்சு, இது முழுசு இல்லை, செமின்னு. போலீஸ் வந்தாலும் வரட்டும். என்னை மேஜர்னு கூப்பிடறவங்க.

என்ன சொல்றீங்க? முதல்ல கடைக்குப் போகணுமா? பொண்ணுகிட்டக் கேட்டுட்டுச் செய்யணுமா? அவகிட்ட என்னத்தைக் கேட்கறது சார், அவ சின்னப் புள்ளை. நல்லபடியா முடிஞ்சப்புறம் சொன்னா சந்தோஷப்படுவா. நீங்களும் சபாபதி மாதிரியே பேசறீங்க. பார்த்தா நல்லவரா இருக்கீங்க, அதான் விளக்கிச் சொல்றேன்.

ஆழியாறு வந்துருச்சு. அதோ அணை. மலை முடிஞ்சுது, இனிமே சமவெளி. நாலாவது முடிச்சும் வந்துருச்சு பாருங்க. இந்த அஞ்சாவதுதான். நடுவுல போட்டிருக்கா, ரெண்டு சுத்துச் சுத்தி, உள்ளே விட்டு, பல்லால கடிச்சு இறுக்கியிருக்கா. பல்லுத் தடம் தெரியுது பாருங்க, சணல்ல. என்னத்துக்குங்க இத்தனை இறுக்கம்? என் நகம் தேய்ஞ்சுபோச்சு. உங்க நகம் கொஞ்சம் நீளமா இருக்கே, இதை மட்டும் லேசா நெம்பி விடறீங்களா? துண்டு ஈரம் உள்ள இறங்கறதுக்குள்ள...

இருங்க, மறுபடியும் அவதான்.

சொல்லும்மா. ஆமா, ஆழியாறு தாண்டியாச்சு. இல்லை, இன்னும் கடைக்குப் போகலை, எப்படிப் போயிருக்க முடியும்? கனகு, ஒண்ணு கேட்கணும், அந்தக் கடைசி முடிச்சை எப்படிம்மா போட்டே, எந்தப் பக்கம் இழுத்தா வரும்? நகமே இறங்க மாட்டேங்குது. இல்லைம்மா, சும்மாதான் கேட்டேன். துண்டு கொஞ்சம் ஈரமா இருந்துச்சு. பக்கத்துல ஒரு சார் இருக்கார், அவருக்கும் காட்டலாம்னு... நாலு வந்துருச்சு, இதுதான் பாக்கி. கனகு? உடுமலை பஸ் பத்து மணிக்கு ஒண்ணு இருக்கா, உனக்குத் தெரியுமா? கனகு? கேட்குதாம்மா?

கேட்கலை போல. வெச்சுட்டாளா, தானா போச்சான்னு தெரியலை.

ஏன் சார், இங்க டவர் நல்லா இருக்கணுமே? மலைதான் இறங்கியாச்சே.